கியர் பெட்டிக்குள் தண்ணீர்

என் மனைவி கனடாவில் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தபோது நான் ஒரு படகு மோட்டார் வாங்கினேன். படகு வாங்கவில்லை, மோட்டார் மட்டும். ஓர் அரசு அலுவலகத்தில் கழித்துப் போட்ட சாமான்களை ஏலம் விட்டார்கள். கால் உடைந்த நாற்காலிகளுக்கும் துருப்பிடித்த பீரோக்களுக்கும் நடுவில் அது சுவரில் சாய்ந்து கிடந்தது. படகின் பின்பக்கத்தில் மாட்டி ஓட்டுகிற வகை. மேலே இன்ஜின், நடுவில் நீளமாக ஒரு கால், அடியில் தண்ணீருக்குள் முழுகியிருக்கும் கியர் பெட்டி, அதன் முனையில் விசிறி. வெள்ளத்தில் ஆட்களை மீட்கப் போய்க்கொண்டிருந்த மோட்டாராம். கொதிகலன் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் ஃபிட்டராகவும் ஃபோர்மேனாகவும் இருந்தவனுக்கு இதையெல்லாம் பார்த்தால் கை சும்மா இருக்காது. லோடு ஆட்டோவில் ஏற்றி ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் வீடியோ காலில் அவளிடம் காட்டினேன். எனக்குச் சாயங்காலம் ஆறரை என்றால் அவளுக்குக் காலை எட்டு, ஒன்பது இருக்கும். தினமும் அந்த நேரத்தில்தான் பேசுவோம். பேசுவோம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகப்படி. "மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" "மெஸ் சாம்பார்." "மாத்திரை?" "போட்டாச்சு." "அங்க வெயிலா?" "வெயில்தான்." "இங்க பனி." அத்தோடு சரக்கு தீர்ந்துவிடும். அப்புறம் இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சண்டை ஒன்றும் கிடையாது. சொல்லும்படி எனக்கு ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

நானும் அவளோடு கனடாவுக்குப் போனவன்தான். பேரன் பிறந்தபோது இரண்டு பேரும் சேர்ந்தே விமானம் ஏறினோம். மூன்றாவது மாதம் பாத்திரம் கழுவும் மெஷினில் ஏதோ சத்தம் வருகிறது என்று அதைப் பிரித்துப் போட்டேன். மாப்பிள்ளை வேலைவிட்டு வந்து பார்த்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் ஒரு ஆள் வந்து பழையதைத் தூக்கிப் போய்விட்டுப் புதிதாக ஒன்றை வைத்தான். எனக்கு அந்த வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. "நீங்க போங்க, குழந்தைக்கு ஒரு வயசானதும் நான் வந்துடறேன்" என்று அவள்தான் அனுப்பி வைத்தாள். ஒரு வயது இரண்டானது, இரண்டும் தாண்டிப் போனது. நான் பொறுமையாக அங்கேயே இருந்திருக்கலாம். என் புத்தி அப்படி.

மோட்டாரைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "படகு எங்கங்க?"

"படகுக்கு ஆள் இருக்கு" என்றேன். என்னோடு வேலை பார்த்த வெல்டர் ஒருவரின் அண்ணன் முக்கொம்புக்கு மேலே, ஆற்றில் தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தில் வலை போடுகிறார். அவரிடம் ஒரு ஃபைபர் படகு உண்டு. மோட்டார் ஓடினால் படகு தருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

அவள் திரைக்கு இன்னும் கிட்டத்தில் வந்து மோட்டாரைப் பார்த்தாள். பிறகு, "நான் ஸ்ரீரங்கத்துல பொறந்தவ. இத்தனை வருஷமும் காவேரியைப் படித்துறையிலேருந்துதான் பாத்திருக்கேன். நடு ஆத்துல உக்காந்து கரையைப் பாத்ததே இல்ல" என்றாள். "ஒண்ணு பண்ணுங்க. இதை ஓட வைங்க. ஆடிக்கு நான் வந்துடறேன். பதினெட்டாம் பெருக்கு அன்னிக்குப் படகுல போவோம்."

அது தை மாதம். அவள் விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று நான் யோசிக்கவில்லை. மோட்டார் ஓடினால் அவள் வருவாள் என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் அடுக்குமாடி வீட்டில் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் எனக்கு ஒரு பங்கு உண்டு. கார் கிடையாது. ஒரு ஸ்கூட்டர் நிற்கும், மீதி காலி. அங்கே மரச்சட்டத்தில் ஒரு ஸ்டாண்டு அடித்து மோட்டாரை மாட்டினேன். இன்ஜின் பெரிதாகக் கெடவில்லை. பிளக் மாற்றி, கார்பரேட்டரைக் கழுவியதும் இருமிக்கொண்டே உயிர் பிடித்தது. வியாதி கீழே இருந்தது. கியர் பெட்டியின் அடித்திருகைக் கழற்றினேன். வர வேண்டியது எண்ணெய். வந்ததோ பால் காய்ச்சி ஆறவைத்தது போல வெள்ளையாக ஒன்று. தண்ணீர் உள்ளே ஏறி எண்ணெயோடு கலந்தால் அப்படித்தான் ஆகும்.

விசிறியைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. தண்டின் மேல் மீன்பிடி நரம்பு நெருக்கமாகச் சுற்றியிருந்தது. அதோடு சேர்ந்து வேட்டிக் கரை நூல் ஒன்று. ஆற்றில் முழுகி எழுந்து பழைய வேட்டியை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டுப் போவது இங்கே வழக்கம். காரியம் செய்தவர் யாரோ விட்ட வேட்டி. அது சுற்றிச் சுற்றி உள்ளே போய், தண்ணீர் புகாமல் தண்டைக் கவ்வியிருக்கும் 'சீல்' என்ற ரப்பர் வளையத்தை அறுத்திருக்கிறது. ஊசியால் ஒவ்வொரு நூலாக எடுத்தேன். பச்சைக் கரை.

பின்பக்கத்து மூடியைக் கழற்ற மட்டும் நான்கு நாள் ஆனது. உப்புப் பூத்ததுபோல வெள்ளையாகப் பொருக்குத் தட்டி, பெட்டியோடு பெட்டியாக ஒட்டிப் போயிருந்தது. எண்ணெய் விட்டு ஊறப்போட்டு, சுடவைத்து, புல்லர் மாட்டி இழுத்தேன். கோவிலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "என்ன சார் இது, போர் மோட்டாரா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் மட்டும் இரண்டு முறை தொண்டையைக் கனைத்துவிட்டுப் போனார். நான் யாரையும் உட்காரச் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம் என்று இருந்தது, ஆனால் அதைக் கேட்பதற்கு வாய் வரவில்லை.

மூடி கழன்று வந்த அன்று உள்ளே இருந்ததையெல்லாம் செய்தித்தாள் விரித்து வரிசையாக வைத்தேன். முன்னால் போக ஒரு பல்சக்கரம், பின்னால் போக ஒன்று, இரண்டுக்கும் சக்தி கொடுக்க மேலிருந்து வரும் தண்டில் சின்னதாக ஒன்று, நடுவில் எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் போய்க் கவ்விக்கொள்ளும் துண்டு ஒன்று. பற்கள் நன்றாக இருந்தன. பேரிங்குகள் போய்விட்டன. படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். அன்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். இது எதுக்கு, அது எதுக்கு, ஒரே பக்கம் சுத்தற இன்ஜின் எப்படிப் பின்னாடி போகும்? முப்பத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் என் தொழிலைப் பற்றி அவள் இவ்வளவு கேட்டதில்லை. நாற்பது நிமிடம் பேசினோம். பேசி முடித்ததும் மெஸ் சாம்பார்கூட ருசியாக இருந்தது.

புது பேரிங், புது சீல் எல்லாம் தென்னூரில் ஒரு கடையில் அளவு பார்த்து வாங்கினேன். கழற்றியபோது எது எப்படி இருந்தது என்று எழுதிவைத்திருந்தேன், சீலைத் தவிர. பழைய சீல் நூலில் அறுபட்டுக் கந்தலாகிக் கிடந்தது. எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று தெரியவில்லை. அதற்காக நான் கவலைப்படவும் இல்லை. எனக்குத் தெரியாத சீலா? விசிறித் தண்டில் இரண்டு சீல், ஒன்றின் பின் ஒன்றாக. சீலின் உதடு, அதாவது தண்டைக் கவ்வுகிற மெல்லிய விளிம்பு, எதைத் தடுக்க வேண்டுமோ அதைப் பார்த்து இருக்க வேண்டும். கொதிகலனில் நீராவி உள்ளேதான் இருக்கும், எப்போதும் வெளியே வரத்தான் முண்டும். முப்பத்து நான்கு வருடமும் நான் உள்ளே இருப்பதை வெளியே விடாமல் தடுத்தவன். இரண்டு உதடுகளையும் உள்ளே பார்க்க வைத்துத் தட்டி இறக்கினேன்.

சோதனையும் கொதிகலன் பாணியில்தான். சைக்கிள் பம்பால் உள்ளே காற்றடித்து, பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி வைத்தேன். ஒரு மணி நேரம் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. எனக்கு நானே கை கொடுத்துக்கொள்ளாத குறை.

அதைத் திரும்ப மாட்டுவதுதான் பெரும்பாடு. கியர் பெட்டியை ஒரு ஆள் அடியிலிருந்து தூக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொரு ஆள் மேலே இன்ஜினின் சக்கரத்தை மெல்லத் திருப்ப வேண்டும். அப்போதுதான் தண்டின் வரிப்பற்கள் சேரும். அதே நேரத்தில் கியர் கம்பியும் தண்ணீர்க் குழாயும் அதனதன் துளைக்குள் போக வேண்டும். நான்கு கை வேண்டிய வேலை. காலையிலிருந்து முயன்று மூன்று முறை முழங்காலில் போட்டுக்கொண்டேன். கடைசியில் பெட்ரோலை வடித்துவிட்டு, மொத்த மோட்டாரையும் ஸ்டாண்டில் தலைகீழாகக் கட்டினேன். இப்போது கியர் பெட்டி மேலே. அதன் பாரமே அதைக் கீழே இறக்கும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, குனிந்து மறு கையால் சக்கரத்தைத் திருப்பினேன். டக்கென்று உட்கார்ந்தது. தனி ஆளாகச் செய்ய வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று பெருமைதான். பெருமையைச் சொல்லத்தான் ஆறரை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எண்ணெயைக் கீழ்த்துளை வழியாக மேல்நோக்கி ஏற்றினேன். அப்போதுதான் உள்ளே காற்று தங்காது. பிறகு ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் காலை அதற்குள் விட்டு ஓட்டினேன். தண்ணீர் கொதித்ததுபோலக் கலங்கியது, புகை மண்டியது. செயலாளர் பனியனோடு ஓடிவந்தார்.

"சார், இது அபார்ட்மெண்டா, துறைமுகமா?"

"இன்னும் அரை மணி நேரம்தாங்க" என்றேன்.

அரை மணி நேரம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டினேன். மறுநாள் காலையில் அடித்திருகைக் கழற்றினேன். பால்.

அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். மோட்டாருக்காக இல்லை. பங்குனி முடியப் போகிறது. இது ஓடாவிட்டால் அவள் வரமாட்டாள் என்று பயந்துவிட்டேன். அறுபத்து நான்கு வயது ஆள் இப்படியா பயப்படுவது என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

கழற்றிய சீல்களை எடுத்துக்கொண்டு தென்னூர்க் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். மட்டச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று சத்தமாகவே சொன்னேன். கடைக்காரர் சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் லால்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் பவர் டில்லருக்குச் சாமான் வாங்க நின்றிருந்தார். கை முழுக்க கிரீஸ்.

"சார், கோவிச்சுக்காதீங்க. இது எங்க ஓடுறதுங்க?" என்றார்.

"தண்ணிக்குள்ள."

"ரெண்டு சீலையும் எந்தப் பக்கம் பாத்துப் போட்டீங்க?"

"உள்பக்கம்தான். பின்ன?"

அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவரை நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். "எங்க டில்லரு சேத்துக்குள்ளயே ஓடுதுங்க. உள்ள இருக்கிற ஆயில் வெளிய போவாம பாத்துக்க ஒண்ணு, வெளிய இருக்கிற சேறு உள்ள வராம பாத்துக்க ஒண்ணு. ரெண்டையும் முதுகுக்கு முதுகு வச்சுப் போடுவோம். நீங்க வெளிய பாத்து ஒண்ணு போடவே இல்லீங்களே."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சீலைப் பார்த்தேன். சின்னப் பையனுக்குக்கூடத் தெரிய வேண்டியது. ஓடிச் சூடான பெட்டி தண்ணீரில் ஆறும்போது உள்ளிருக்கும் எண்ணெய் சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சும். நான் போட்ட சீல் அதற்குக் கதவைத் திறந்து விட்டிருக்கிறது. காற்றடித்துச் சோதித்தபோது எல்லாம் சரியாகத் தெரிந்ததற்கும் அதுதான் காரணம், நான் உள்ளிருந்து மட்டும்தானே அழுத்திப் பார்த்தேன். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், இருக்கறதுதான்" என்று டீ வாங்கிக் கொடுத்தார். விவசாயியும் நானும் ஆளுக்கொரு கிளாஸ் குடித்தோம். அந்த வாரத்தில் நேருக்கு நேராக ஒரு ஆளோடு நான் நிதானமாகப் பேசியது அதுதான்.

அன்று சாயங்காலம் நடந்ததை அவளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்களுக்கு எப்பவுமே உள்ள இருக்கிறது வெளிய வரக் கூடாது, அதானே" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை, வந்துவிடு என்று இரண்டு வருடத்தில் ஒரு நாளாவது நான் சொல்லியிருக்கிறேனா? அன்றைக்கும் சொல்லவில்லை. "சரி, புது சீல் வாங்கிட்டேன்" என்றேன்.

மறுபடி பிரித்தேன். உள்ளே பார்த்து ஒன்று, வெளியே பார்த்து ஒன்று. இந்தத் தடவை காற்றை உறிஞ்சியும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். சைக்கிள் பம்பைப் பிரித்து உள்ளே இருக்கும் தோல் வாஷரைத் திருப்பிப் போட்டால் அது காற்றடிப்பதற்குப் பதில் இழுக்கும். இழுத்துவிட்டு, துளையை அடைத்து, ஒரு நாள் முழுக்க வைத்தேன். அடைப்பை எடுத்தபோது ஸ் என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. தாங்கியிருக்கிறது. மறுபடி தலைகீழாகக் கட்டி, மறுபடி தனியாக மாட்டினேன்.

இதெல்லாம் ஆவதற்குள் ஆனி வந்துவிட்டது. மேட்டூரிலிருந்து தண்ணீர் விட்டாயிற்று. டிக்கெட் போட்டாச்சா என்று அவளிடம் நான் கேட்கவில்லை. மோட்டார் ஆற்றில் ஓடட்டும், அப்புறம் கேட்கலாம் என்று வைத்திருந்தேன். அவளும் தேதி எதுவும் சொல்லவில்லை. முன்போலக் கேள்விகளும் கேட்பதில்லை. "முடிஞ்சிடுமா?" என்று மட்டும் கேட்பாள். ஆவலில் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

ஆடி பிறந்து நான்காம் நாள் காலை, மோட்டாரை ஆட்டோவில் ஏற்றி முக்கொம்புக்கு மேலே கொண்டு போனேன். வலைக்காரர் படகோடு காத்திருந்தார். மாட்டினோம். நான் பின்னால் உட்கார்ந்தேன். அவர் படகைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பின்னாடி பாரம் கூடிப் போச்சுங்க. முன்னாடி ஒரு ஆள் உக்காரணும், இல்லன்னா மூக்கைத் தூக்கிக்கும்."

"நீங்க வாங்களேன்."

"நான் கரையில நின்னு பாக்குறேன். கோளாறுன்னா பரிசல் எடுத்துட்டு வரணும்ல?" என்று சொல்லிவிட்டு, ஒரு சாக்கில் மணலை அள்ளிக் கட்டி முன் பலகையில் தூக்கி வைத்தார். "அம்மா ஊருலேருந்து வராங்கன்னீங்களே. அவங்க எடை இருக்கும்" என்று சிரித்தார்.

இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. கியரைப் போட்டேன். படகு ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. ஆற்றின் நடுவுக்குப் போய் வேகத்தைக் குறைத்துக் கரையைத் திரும்பிப் பார்த்தேன். தென்னைகள், ஒரு அரசமரம், படியில் துணி துவைக்கிற இரண்டு பெண்கள், கையைத் தூக்கி ஆட்டும் வலைக்காரர். எல்லாம் சின்னதாக, ஒழுங்காக, யாரோ அடுக்கி வைத்ததுபோல இருந்தது. இதைத்தான் அவள் பார்க்க ஆசைப்பட்டாள். எதிரே சாக்கு உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து தண்ணீர் கசிந்து பலகையை நனைத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு நன்றாக ஓடுகிறதே என்று சொல்ல வாய் திறந்துவிட்டு மூடிக்கொண்டேன். ஒரு மணி நேரம் ஓட்டினேன். மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்து அடித்திருகைத் தளர்த்தினேன். எண்ணெய் விட்டது விட்டபடி, தேன் நிறத்தில் வந்தது.

ஆறரைக்காக ஐந்து மணிக்கே குளித்துவிட்டு உட்கார்ந்தேன். முதலில் மோட்டார் ஓடியதைச் சொல்வது, அப்புறம் டிக்கெட், அப்புறம், எப்படியாவது வாயைத் திறந்து, வந்துவிடு என்று சொல்லிவிடுவது என்று வரிசைகூடப் போட்டு வைத்திருந்தேன்.

அவள் போனை எடுத்தபோது முகம் வாடியிருந்தது. போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டுப் பேரனுக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மகள் சமையலறைப் பக்கம் நடந்து போனாள். போனில் நான் வந்திருப்பதை மகள் கவனிக்கவில்லை. இடுப்பில் ஒரு கையை ஊன்றியபடி, பக்கவாட்டில், மெதுவாக. வயிறு நன்றாகத் தெரிந்தது. ஐந்து மாதமாவது இருக்கும். "அம்மா, இன்னிக்காவது அப்பாகிட்ட சொல்லிடு" என்று சொல்லிக்கொண்டே திரையை விட்டுப் போய்விட்டாள். மனைவி சட்டென்று என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் கேட்காதவன்போலக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கக் குனிந்துகொண்டேன்.

ஐந்து மாதம். எனக்கு மறுபடி பேரப்பிள்ளை வரப் போகிறது. அதை என்னிடம் சொல்வதற்கு என் வீட்டார் பயந்திருக்கிறார்கள். சொன்னால் ஆடிக்கு வரமுடியாது என்றும் சொல்ல வேண்டும். தினமும் மோட்டாரைக் காட்டிக் காட்டி நான்தான் அவள் வாயை அடைத்து வைத்திருந்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

"என்னங்க, மோட்டார் என்னாச்சு? இன்னிக்கு ஆத்துல விடறேன்னீங்களே" என்றாள். பேரனுக்குப் போட்ட பொத்தானையே மறுபடி கழற்றிப் போட்டாள்.

"எங்க? இன்னும் தண்ணி ஏறுது" என்றேன். "பல்சக்கரமே மாத்தணும் போல. சாமான் இங்க கிடைக்கல. இந்த ஆடிக்கு ஆகாதும்மா."

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"அப்படியா... பரவாயில்லங்க, விடுங்க. என்ன அவசரம்? மெதுவாப் பண்ணுங்க. அடுத்த ஆடிக்குப் பாத்துக்கலாம்." அவள் முகம் தெளிந்துவிட்டது. பேரனைக் கீழே இறக்கிவிட்டுப் போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஏங்க, ஒரு சந்தோஷமான விஷயம் சொல்லணும். நேத்துதான் எங்களுக்கே உறுதியாத் தெரிஞ்சுது."

"என்னது? சொல்லு" என்று, ஒன்றும் தெரியாதவனாக நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.